விளம்பரக் காசு எந்தச் சொல்லில் போகிறது?

சாரம் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் தனது கூகுள் விளம்பரக் கணக்கைத் திறந்து காட்டினார். தமிழ்நாட்டு வாடிக்கையாளரையும் எதிர்பார்த்து விளம்பரம் போட்டிருக்கிறார். கிளிக் வருகிறது, காசு போகிறது, ஓடர் மட்டும் இல்லை.

தேடற் சொற்களின் அறிக்கையைப் பார்த்ததும் விடயம் விளங்கியது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர், கட்டுரையின் சாரம் தேடும் மாணவர் எல்லோரும் நண்பரின் கடைக்குள் வந்து போயிருக்கிறார்கள்!

நாம் கொடுப்பது திறவுச்சொல். வாடிக்கையாளர் எழுதுவது தேடற் சொல். இரண்டும் ஒன்றல்ல. திறவுச்சொல்லை வெறுமனே எழுதினால் அது 'புரோட் மெட்ச்'. தொடர்புள்ளதாகக் கூகுள் கருதும் எதற்கும் விளம்பரம் போகும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அந்தக் கருத்து அடங்கிய தேடலுக்கு. சதுர அடைப்புக்குள் எழுதினால் அதே கருத்துள்ள தேடலுக்கு மட்டும். 'அதே சொல்லுக்கு' என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 2014இலிருந்து பன்மையும் எழுத்துப் பிழையும், 2018இலிருந்து ஒத்த கருத்துச் சொற்களும் அதற்குள் வந்துவிட்டன. முன்பு கூட்டல் அடையாளம் போடும் முறை ஒன்று இருந்தது. 2021இல் அது மேற்கோள் முறையோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய குறிப்பை வைத்துக்கொண்டு இன்னும் அதைக் கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேண்டாத சொற்களைத் தடுப்புப் பட்டியலில் போடலாம். ஆனால் இங்கே கூகுள் ஒத்த கருத்தைப் பார்ப்பதில்லை. 'கட்டடம்' என்று தடுத்தால் 'பில்டிங்' தப்பிவிடும். தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ் என்று மூன்று விதமாகவும் போடவேண்டும்.

அறிக்கையின் கூட்டுத்தொகை செலவோடு பொருந்தாவிட்டால் பயப்படவேண்டாம். சிலர் மட்டுமே தேடிய சொற்களை 2020 செப்டெம்பரிலிருந்து கூகுள் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. விளம்பரமில்லாமல் வருவோரின் தேடற் சொற்களை இலவசமான 'சேர்ச் கொன்சோல்' 16 மாதம் வரை காட்டும். அதிலும் சில மறைவுதான்.

நண்பர் இப்போது வாராந்தக் கணக்கோடு இதையும் பார்க்கிறார். போன வாரம் 'சாரம் உடுப்பது எப்படி' என்றொரு தேடல் வந்திருந்தது. தடுக்கச் சொன்னேன். "இருக்கட்டும் நானா, உடுக்கத் தெரியாதவன்தான் முதற் சாரம் வாங்கப்போகிறான்" என்றார்.