நன்றியில் தொடங்கும் ஆய்வு

இரவுச் செபத்தில் மனச்சான்றை ஆய்வு செய்யும்போது நம்மில் பலர் முதலில் குற்றங்களையே தேடுகிறோம். ஆனால், புனித லொயோலா இஞ்ஞாசியார் 1548-இல் அச்சான தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு ஐந்து படிகளைத் தருகிறார். முதற்படி, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது. பாவங்களை அறிய அருள் கேட்பது இரண்டாவதுதான்.

அந்த நன்மைகள் பெரும்பாலும் மனிதர் வழியாகவே நம்மிடம் வருகின்றன: விடியுமுன் பால் கொண்டுவந்தவர், தெருவைப் பெருக்கிய சகோதரி, காலையில் மனத்தாங்கல் ஏற்பட்டபோதும் இரவில் சாப்பிடாமல் நமக்காகக் காத்திருந்த வாழ்க்கைத்துணை. ஒருவரை நன்றியோடு நினைத்தபின், அவரிடம் நாம் காட்டிய கடுமை தானாகவே தெரியவரும். உண்மையான மனத்துயர் அங்கே பிறக்கும். மன்னிப்புக் கேட்கும் துணிவும் வரும்.

இன்றிரவு மூவரையாவது பெயர் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறுவோம்.