விளக்கு எரிந்தால் இன்ஜினை இறக்க வேண்டுமா?

வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961இல் வெளியிடத் தொடங்கிய ஹெரால்டு, ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனால் அதன் 948 சிசி இன்ஜினும், 1962இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் 1147 சிசி இன்ஜினும் ஒரே வம்சம். சென்னையில் ஹெரால்டைப் பேணுகிறவர்கள் இன்றும் உண்டு. மே மாதம் உஸ்மான் சாலை நெரிசலில், ஐட்லிங்கில் நிற்கும்போது இப்படியொரு பழைய காரின் ஆயில் விளக்கு மினுக்கினால், “பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்” என்ற தீர்ப்பு சுலபமாக வந்துவிடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டிப் பார்க்காமல் சொல்லப்படும் வரை அது வெறும் ஊகம்தான்.

அந்த விளக்கு எதையும் அளப்பதில்லை. அதன் பின்னால் இருப்பது ஒரு சுவிட்ச். பல கார்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் எரியும், மேலே ஏறினால் அணையும். 8 பவுண்டில் தள்ளாடும் இன்ஜினும் 50 பவுண்டில் ஓடும் இன்ஜினும் அதற்கு ஒன்றுதான். சுவிட்சே பழுதானால் நல்ல இன்ஜினும் நோயாளியாகிவிடும். டேஷ்போர்டில் முள் இருந்தாலும் முழுதாக நம்ப முடியாது. 1995 முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த ஆயில் பிரஷர் முள், சுவிட்சின் சொல்படி நடுவில் போய் நின்றுகொள்ளும் அலங்காரம். மெக்கானிக்கல் கேஜுக்குள் இருப்பதோ, 1849இல் பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற தட்டையான வளைகுழாய். ஆயில் உள்ளே தள்ளத் தள்ள வளைவு நிமிர்கிறது, அந்த அசைவே முள்ளைத் திருப்புகிறது. ஒயரும் இல்லை, கரண்டும் இல்லை.

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் வெளியேற எவ்வளவு தடை இருக்கிறதோ, அதற்கேற்றதே அழுத்தம். கீழ்வீட்டுக் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டால் மாடிக்குழாயில் தண்ணீர் வேகம் குறைவதற்கும் மோட்டாருக்கும் சம்பந்தமில்லையே. இங்கே கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளிதான் குழாய்வாய். அதன் வழியே கசியும் அளவு, இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயரும்: தேய்மானத்தால் இடைவெளி கால்பங்கு கூடினாலே கசிவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். மறுபக்கம் ஆயிலின் குழகுழப்பு இருக்கிறது. 20W-50 ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் கெட்டியாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் காட்டும் கம்பீரமான 60 பவுண்டு அதனால்தான் எதையும் நிரூபிப்பதில்லை.

கேஜை மாட்டும் முன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்; பெட்ரோல் வாடை அடித்தால் மாற்றிவிட வேண்டும், பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய்ப் பொய் சொல்லும். பிறகு ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளைக்குப் பொருத்தமான மரை கொண்ட அடாப்டரை மாட்டி, கேஜின் ஹோஸ் சைலன்சர் மேனிஃபோல்டைத் தொடாமல் கட்ட வேண்டும். மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பின் பிசிறு உள்ளே போனால் அதுவே ஆயில் வழியை அடைக்கும். ரேடியேட்டர் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆயில் பின்தங்கியே சூடேறும். லஸ்ஸிலிருந்து திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு வரை ஒரு நடை ஓட்டி வந்தால் சரியாக இருக்கும். ஐட்லிங்கில் மட்டும் முள் படுத்து, வேகத்தில் எழுந்தால் பேரிங் தேய்மானமோ நீர்த்த ஆயிலோ காரணமாகலாம். எந்த வேகத்திலும் எழவில்லை என்றால் பம்ப், வடிகட்டி வலை, திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் சில இன்ஜினை இறக்காமலே தீரக்கூடியவை. முள் துடித்தால் பம்ப் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம்.

கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறிவிடுமே என்பார்கள். ஏறும். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: கேஜ் அளப்பது ஆயில் ஓடிவரும் வாய்க்காலின் அழுத்தத்தை, பேரிங்குக்குள் இருப்பதை அல்ல. நியாயம்தான். 1880களில் பொறியாளர் பியூசம்ப் டவர் ஓடும் பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டபோது, அதை அடைத்த கார்க்கையும் மரக்கட்டையையும் ஆயில் வெளியே தள்ளியது. கேஜ் மாட்டினால் முள் 200 பவுண்டைத் தாண்டியது. தண்டு சுழல்வதே பேரிங்குக்குள் அந்த அழுத்தமுள்ள ஆயில் படலத்தை உருவாக்குகிறது, பம்ப் செய்வது ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. ஆனால் போய்ச் சேராவிட்டால் படலமும் இல்லை. போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் இந்தக் கேஜ் சொல்கிறது.

ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்ற பட்டறைக் கணக்கைப் புதிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. எரிபொருளை மிச்சம் பிடிக்க, சுமை குறைந்த நேரங்களில் அழுத்தத்தைத் தானே இறக்கிக்கொள்ளும் பம்புகள் வந்துவிட்டன. அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே கணக்கு. சோதனை முடிந்ததும் கேஜைக் கழற்றிவிடுவதும் நல்லது, ஏனெனில் ஓடும் காரில் அந்த ஹோஸ் பிய்ந்தால் கொதிக்கும் ஆயில் மேனிஃபோல்டின் மீதுதான் பீய்ச்சும்.