எத்தனை மணிக்குக் கிளம்புவது?

மகனுக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பகல் 12 மணிக்கு விமானம். சித்தூர் நகரில் விமான நிலையம் இல்லை. ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து விமான நிலையம் சுமார் 15 கிலோமீட்டர். ஆட்டோவில் அரை மணி.

கை காட்டினால் நிற்க விமானம் பஸ் அல்ல. டிக்கெட், அடையாள அட்டை, பெட்டி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ஆகவே 10 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். தாமதித்தால் டிக்கெட் பணம் போகும். வேலையும் போகலாம்.

கணக்குப் போடுவோம். பஸ் 2 மணி, ஆட்டோ அரை மணி, பஸ்ஸுக்குக் காத்திருக்க அரை மணி. மொத்தம் 3 மணி. பத்தில் மூன்று போனால் ஏழு. காலை 7 மணிக்கே கிளம்ப வேண்டும்.

டிக்கெட்டில் 18:30 என்று இருந்தால் மாலை 6.30 என்று பொருள். அதற்கு எப்போது கிளம்புவீர்கள்? நீங்களே கணக்குப் போடுங்கள்.