என் மகனின் கப்பலைப் படம் பிடித்தேன்!

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். கடல் எங்கே, சிலமலை எங்கே! போடிநாயக்கனூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் கடலையே பார்க்காத பெண்கள் எத்தனையோ பேர். விடியற்காலையில் தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய் வருவதுதான் எங்களுக்குத் தெரிந்த பெரிய பயணம்.

அந்த ஊர்க்காரி கப்பலைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் இளைய மகன் கப்பலில் சிப்பந்தியாக இருக்கிறான். "கப்பல்ல வேலை" என்றதும் ஊரில் எல்லோரும் அவன் லண்டன், அமெரிக்கா என்று சுற்றுவதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவனோ, "அம்மா, என் கப்பல் எந்த நாட்டுக்கும் போகாது. பம்பாயிலிருந்து கிளம்பும், கடலுக்குள்ள எண்ணெய் எடுக்கிற மேடைக்குச் சாமான் கொடுக்கும், திரும்பி வரும். அவ்வளவுதான்" என்பான். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. மாதம் பிறந்தால் பணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்?

அந்த மே மாதம்

2021 மே 17. டவ்தே புயல் மும்பைக் கடலைப் புரட்டிப் போட்டது. எண்ணெய் வயலில் வேலை செய்கிறவர்கள் தங்கியிருந்த 'பி-305' என்ற மிதவையின் நங்கூரங்கள் பிடி விட்டுப்போய், அது அலைகளில் அடித்துச் செல்லப்பட்டு மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தார்கள். 180-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை.

டி.வி.யில் அந்தச் செய்தி ஓடியபோது என் நிலை எப்படி இருந்திருக்கும்! மகனுக்குப் போன் போகவில்லை. பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்து, "ஏத்தா, இது அவன் கப்பலா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் கப்பல் எந்த நிறம், எப்படி இருக்கும், மிதவைக்கும் கப்பலுக்கும் என்ன வித்தியாசம், ஒன்றுமே தெரியாது! பெற்ற பிள்ளை வருஷத்தில் பாதி நாள் குடியிருக்கும் வீட்டை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அவனே பேசினான். அவன் கப்பல் முன்னாடியே கரைப் பக்கம் வந்துவிட்டதாம். கடற்படைக் கப்பல்களோடு எண்ணெய் வயலின் ஆதரவுக் கப்பல்களும் ஆட்களைத் தூக்கும் வேலையில் இருந்தன என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனை வைத்ததும் அழுது தீர்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இனி அவன் கப்பலை நூறு கப்பலுக்கு நடுவிலும் எனக்கு அடையாளம் தெரிய வேண்டும்!

கடலுக்குள் ஒரு ஜீப்

இந்தக் கப்பல்களுக்கு 'ஆஃப்ஷோர் சப்ளை வெசல்' என்று பெயர். நம் பக்கத்துப் பாஷையில் சொன்னால், ஏலத்தோட்டத்துக்கு அரிசியும் உரமும் ஆளும் ஏற்றிப் போகிற ஜீப் மாதிரி.

மும்பையிலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் 'பம்பாய் ஹை' எண்ணெய் வயல் இருக்கிறது. 1974-ல் 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் மேடை அங்கே எண்ணெயைக் கண்டுபிடித்தது. 1976-ல் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். நடுக்கடலில் கால் ஊன்றி நிற்கும் அந்த மேடைகளில் இரவு பகலாக ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும், அரிசி பருப்பு வேண்டும், காய்கறி வேண்டும். இயந்திரத்துக்கு டீசல், கிணறு தோண்டக் குழாய், சிமெண்டு எல்லாம் வேண்டும். மும்பைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் நாவாவில் ஓ.என்.ஜி.சி.யின் சப்ளை தளம் இருக்கிறது. அங்கே இவற்றை ஏற்றிக்கொண்டு இரவு கிளம்பினால், விடியும்போது மேடைப் பக்கம் போய்விடலாம்.

நாம் விடிந்ததும் பால் வந்ததா, தண்ணீர் வந்ததா என்று பார்ப்பதில்லையா? அந்த வேலையைத்தான் இந்தக் கப்பல்கள் கடலில் செய்கின்றன. வந்தால் யாரும் கவனிப்பதில்லை. வராவிட்டால் அடுப்பு எரியாது!

அடையாளம் காண்பது எப்படி?

மகன் லீவில் வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மற்றச் சரக்குக் கப்பல்களில் பெரும்பாலும் ஆட்கள் இருக்கும் மாடிக் கட்டடம் பின்பக்கம் இருக்கும். இதில் அது முன்பக்கம், மூக்கை ஒட்டி இருக்கும். பின்னால் முழுக்க நீளமான, தட்டையான மொட்டைத் தளம். லாரியை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. பின்பக்கத்தை மேடைக்குக் காட்டி நின்றால், மேலிருந்து கிரேன் சாமானைத் தூக்கிக்கொள்ளும். இந்த அமைப்பு 1950-களின் நடுவில் அமெரிக்காவில் வந்ததாம்.

இதிலும் ரகம் உண்டு. பின்தளத்தில் பெரிய இரும்பு உருளையும், கம்பி வடம் சுற்றும் ராட்சத ராட்டினமும் இருந்தால், அது நங்கூரம் தூக்கி, மேடைகளை இழுத்துப் போகிற ரகம். முகப்பில் வட்டமான ஹெலிகாப்டர் தளமும் பெரிய கிரேனும் இருந்தால், பல வேலைக்கும் ஆனது. மாடிக்கு மேலே குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது தீயணைக்கத் தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி.

முன்பக்கம் ஒரே ஒரு கறுப்பு உருண்டை தொங்கினால் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது என்று அர்த்தம். உருண்டை, அதன் கீழே சாய்சதுரம், மறுபடி உருண்டை என்று மூன்று தொங்கினால், "நான் வேலையில் இருக்கிறேன், விலக முடியாது" என்று மற்றக் கப்பல்களுக்குச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. கப்பலை விற்றால் பெயர் மாறும், சாயம் மாறும். ஆனால் ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்கம் உண்டு. அது உடைக்கிற வரைக்கும் மாறாது. பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ எழுதியிருப்பார்கள். கல்யாணமாகி இனிஷியல் மாறினாலும் பிறந்த மச்சம் மாறாத மாதிரி! என் மகன் கப்பலின் எண்ணைப் பால் கணக்கு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஏன் போன் எடுப்பதில்லை?

"மேடைக்கிட்ட நிக்கும்போது போன் எடுக்க மாட்டேன்மா, கோவிச்சுக்காத" என்பான். அதன் காரணம் பிறகுதான் புரிந்தது.

மேடைப் பக்கத்தில் கப்பல் நங்கூரம் போடுவதில்லை. பக்கவாட்டுச் சுழலிகளைக் கம்ப்யூட்டர் விட்டுவிட்டு இயக்கி, கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தும். கைக்குழந்தையோடு ஓடும் பஸ்ஸில் நிற்கிறோமே, காலை மாற்றி மாற்றி வைத்து, அது மாதிரி. கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து.

2005 ஜூலை 27. 'சமுத்ர சுரக்ஷா' என்ற ஆதரவுக் கப்பலில் சமையற்காரர் ஒருவருக்குக் கத்தி பட்டு விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. மழைக்காலம், ஹெலிகாப்டர் வர முடியவில்லை. வைத்தியத்துக்காக அவரை பம்பாய் ஹை மேடைக்கு மாற்றப்போனபோது, அலையின் வேகத்தில் கப்பல் மேடைமேல் மோதி, எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பிடித்தது. மேடையே அழிந்துபோயிற்று. 362 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 22 பேர் உயிரிழந்தார்கள். சில நாளில் அந்தக் கப்பலும் மூழ்கியது.

நம் சமையலறையில் தினமும் படுகிற கத்திதான். நமக்கு மஞ்சள்தூளும் துணியும் போதும், மிஞ்சினால் போடி ஆஸ்பத்திரி. அங்கே அது எவ்வளவு தூரம் போய்விட்டது! இதைத் தெரிந்துகொண்ட பிறகு, போன் எடுக்காததற்கு நான் அவனைக் கோபித்ததே இல்லை.

எலிபெண்டா படகில்

2024 ஜனவரியில் மதுரைக்குப் போய் ரயிலேறி, மாதுங்காவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். போன மூன்றாம் நாள் மகன் பேசினான்: "அம்மா, ராத்திரி வந்து மும்பையில நங்கூரம் போட்டாச்சு. ஆனா கரைக்கு இறங்க விடல."

அவன் வர முடியாவிட்டால் என்ன, நான் போகிறேன்! அக்கா மகனின் காமிராவையும் பைனாகுலரையும் வாங்கிக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு, கேட்வே ஆஃப் இந்தியாவில் எலிபெண்டா குகைகளுக்குப் போகும் படகில் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம். கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் இடத்தின் நடுவேதான் போகிறது. "குகையைப் பார்க்க வந்தவ மாதிரியா இருக்க? கடலையே முறைச்சுக்கிட்டு வர்றியே" என்று அக்கா கேலி செய்தாள்.

முன்பக்கம் மாடி, பின்பக்கம் மொட்டைத் தளம்! ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண்ணினேன். மூன்றாவது கப்பலின் பின்புறத்தில் பைனாகுலரை வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். ஏழும் சரி! கை நடுங்கியது. பட்பட்டென்று எடுத்த படங்களில் கப்பல் கறுப்பு நிழலாக விழுந்திருந்தது. காலை வெயில் எதிரே இருந்ததை யார் கவனித்தார்கள்?

சாயங்காலம் திரும்பும்போது படகின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். வெயில் இப்போது என் முதுகில். ஆரஞ்சு நிற அடிப்பகுதி, வெள்ளை மாடி, பக்கமெல்லாம் டயர், முன்னால் கறுப்பு உருண்டை, எல்லாம் பளிச்சென்று விழுந்தன. தளத்தில் மட்டும் ஒரு ஆள் இல்லை.

நீங்களும் பார்க்கலாம்

மும்பைக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிருங்கள். அன்று குகைகளுக்கு விடுமுறை. படகில் லைஃப் ஜாக்கெட்டை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். குமட்டுகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, படகின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். நான் சுக்கும் ஏலக்காயும் முந்தானையில் முடிந்துகொண்டு போனேன்.

ஆந்திராவில் காக்கிநாடாவும் இந்தக் கப்பல்களுக்குப் பெயர்போனது. சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போகிறவர்கள், மெரீனா சவுத் துறையிலிருந்து தீவுகளுக்குப் போகும் படகில் ஏறினால் போதும், வரிசை வரிசையாகப் பார்க்கலாம்.

படம் எடுக்கும்போது வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் கை ஆடாது. ஒரு படம் முழுக் கப்பலுக்கு, ஒரு படம் பெயருக்கும் எண்ணுக்கும். தேதியும் இடமும் உடனே நோட்டில் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். துறைமுக வாசலுக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. கடற்படை, கடலோரக் காவல் படைக் கப்பல்கள் பக்கம் காமிராவைத் திருப்பவே திருப்பாதீர்கள். காவலர் வேண்டாமென்றால் எதிர்க் கேள்வி கேட்காமல் உள்ளே வைத்துவிடுங்கள்.

கடைசியாக...

அன்று ராத்திரி மகன் பேசினான். "உன் கப்பலைப் பார்த்தேன்டா! படம்கூடப் பிடிச்சிட்டேன். நீதான் கண்ணுல படல" என்றேன்.

அவனால் நம்பவே முடியவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ராத்திரி முழுக்க வாட்ச்மா. காலையில படுத்தவன் சாயங்காலம்தான் எந்திரிச்சேன். தெரிஞ்சிருந்தா மேல வந்து கையாவது காட்டியிருப்பேனே" என்று வருத்தப்பட்டான்.

"போடா, நீ தூங்கினதே போதும்" என்றேன்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள், "படத்துல உங்க பையன் எங்கே?" என்று கேட்கிறார்கள். வெள்ளை மாடியின் கீழ் வரிசையில் இருக்கும் சின்ன வட்ட ஜன்னல்களைக் காட்டி, "இதுல ஏதோ ஒண்ணுக்குள்ள தூங்குறான்" என்கிறேன்.