மாடியில் ஆகாயம் தேடுவோம்

சிதம்பரத்தை ஆகாயத் தலம் என்பார்கள். ஆனால் அவ்வூரின் தேரோடும் வீதிகளில் குடியிருக்கும் ஒருவர் தம் வீட்டு மாடியில் ஏறி நின்று, "இங்கிருந்து எனக்கு எவ்வளவு ஆகாயம் தெரிகிறது?" என்று கேட்டுப் பார்த்தால், விடை அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக இராது. ஒரு பக்கம் கோபுரம், மறு பக்கம் அடுத்த வீட்டு நீர்த்தொட்டி, கொல்லைப்புறத்தில் தென்னை.

இதுவரை இந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. இனிமேல் கேட்க வேண்டியிருக்கும். வீடுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்திற்கு 2025 ஜூன் மாதத்தில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் வழங்கியது. இலங்கையில் 2025 ஜூலையில் அந்தச் சேவை தொடங்கியது. இதற்கான தட்டை எங்கே வைப்பது? "உயரமான இடத்தில்" என்று உடனே சொல்லத் தோன்றும். அது சரியான விடைதானா என்று பார்ப்போம்.

அசையாத கோளும் ஓடும் கோளும்

தொலைக்காட்சி டிஷ்ஷை முதலில் எடுத்துக்கொள்வோம். தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒளிபரப்பு ஜிசாட்-15 என்னும் கோளிலிருந்து வருகிறது. இக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளது. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு முறை சுற்றி வருவதால், நம் கண்ணுக்கு அது வானில் ஒரே புள்ளியில் நிற்பதாகக் கொள்ளலாம். சிதம்பரத்திலிருந்து கணக்கிட்டால் அந்தப் புள்ளி தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 69 பாகை உயரத்தில் இருக்கிறது. அந்த ஒரு புள்ளி மறையாமல் இருந்தால் போதும். மற்றத் திசைகளில் மலையே இருந்தாலும் கவலையில்லை.

இணையத்திற்கு அவ்வளவு தொலைவு ஒத்துவராது. வானொலி அலை நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. செல்கிறது. நம் கேள்வி 36,000 கி.மீ. மேலேறிக் கீழிறங்கி, விடையும் அவ்வாறே திரும்பிவர ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். பேசும்போது இந்தத் தாமதம் இடறும். ஆகவேதான் புதிய கோள்களைச் சுமார் 550 கி.மீ. உயரத்திலேயே சுற்றவிடுகிறார்கள். தாமதம் பெரிதும் குறைகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இவ்வளவு தாழ்வாகச் சுற்றும் கோள் ஓரிடத்தில் நிற்க முடியாது. சுமார் 95 நிமிடத்தில் பூமியை ஒரு முறை சுற்றிவிடும். நம் தலைக்கு மேலாகவே கடந்தாலும் நான்கு நிமிடம் அளவே நமக்குப் பயன்படும். ஒன்று மறையும் முன் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். தட்டையான பலகை போன்ற இந்த ஆண்டெனா, உடலைத் திருப்பாமலே, தன் சிற்றுறுப்புகளுக்குச் செல்லும் மின்னலைகளின் கட்டத்தை மாற்றி, கற்றையை ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்குத் தாவச் செய்கிறது.

எனவே இதற்கு ஒரு புள்ளி போதாது. அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 25 பாகைக்கு மேற்பட்ட வானம் முழுவதும் திறந்திருப்பது நல்லது. குறுக்கே ஒரு தென்னை நின்றால் தொலைக்காட்சி டிஷ்ஷுக்கு ஒன்று படம் தெரியும், அல்லது தெரியாது. இணையத் தட்டுக்கோ, கோள் மரத்தின் பின்னே செல்லும்போது மட்டும் சில நொடி அறுந்து மீண்டும் வரும். முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஓடும் திரைப்படத்தில் இது தெரியாது. மருத்துவரோடு பேசிக்கொண்டிருக்கும் போதோ, தேர்வு எழுதும் போதோ நன்றாகத் தெரியும்.

எவ்வளவு விலகினால் போதும்?

இனிக் கணக்குக்கு வருவோம். தென்னை 15 மீட்டர் உயரம்; மாடியில் தட்டு 4 மீட்டர் உயரம். வேறுபாடு 11 மீட்டர். மரத்தின் உச்சி 25 பாகைக்குக் கீழே தங்க வேண்டுமானால், இந்த வேறுபாட்டைப் போல் 2.14 மடங்கு, அதாவது ஏறக்குறைய 24 மீட்டர் விலகியிருக்க வேண்டும். அதே மரம் தொலைக்காட்சி டிஷ்ஷுக்குத் தென்கிழக்கில் நின்றாலும் 4 மீட்டருக்குச் சற்று மேல் விலகினால் போதுமானது. சிதம்பரம் கோபுரங்கள் ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ளவை. 8 மீட்டர் உயர மாடியில் வைத்த இணையத் தட்டு அவற்றிலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளியிருந்தால் கோபுரம் இடையூறாகாது.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். பள்ளிக்கூடக் கோணமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். நேர் விளிம்பின் வழியே மரத்தின் உச்சியைப் பாருங்கள். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுவே உச்சியின் கோணம். கோணமானியும் இல்லையா? கையை நேரே நீட்டி முட்டியை மடக்குங்கள். ஒரு முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டிக்கு மேலே எது தலை நீட்டுகிறதோ அதுதான் தடை. தட்டு வைக்கப்போகும் இடத்திலேயே, அதே உயரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது முக்கியம்.

தொலைக்காட்சி டிஷ்ஷுக்கு இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும், காலை 11 மணியளவில், சிதம்பரத்திலிருந்து பார்க்கும்போது சூரியன் ஏறக்குறைய ஜிசாட்-15 இருக்கும் இடத்திற்கே வந்து நிற்கிறது. அப்போது மாடியில் வெயில் விழும் இடமெல்லாம் டிஷ் வைக்கத் தகுந்த இடம்; நிழல் விழும் இடம் தகாத இடம். சூரியனே நமக்கு இடம் காட்டிவிடுகிறது. (சூரியனை நேரே பார்க்கலாகாது; நிழலைப் பாருங்கள்.)

வடக்கு வாசல்

நம் ஊருக்கே உரிய செய்தி ஒன்றையும் கவனிக்க வேண்டும். அசையாத கோள்கள் வரிசையாக நிற்கும் வளையம், சிதம்பரத்தில் உச்சி வானத்திலிருந்து 13 பாகை அளவே தெற்கே தள்ளிச் செல்கிறது. தாழ்வான கோள்கள் அவற்றின் அலைகளுக்கு இடையூறு செய்யலாகாது என்பது உலகப் பொது விதி. எனவே அந்த வளையத்தை ஒட்டிய வானத்தைத் தவிர்க்க வேண்டியுள்ளது. தென்வானில் ஒரு பகுதி இவ்வாறு கழிந்துபோவதால் வடவானத்தின் மதிப்பு உயர்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்க முடியும் என்றால், தடை தெற்கே இருக்கட்டும், வடக்கு திறந்திருக்கட்டும்.

காற்றை மறக்கலாமா?

"அளப்பானேன்? உயரக் கம்பம் நட்டு உச்சியில் வைத்துவிட்டால் போயிற்று" என்பவர்கள் கடலூர் மாவட்டத்தின் அனுபவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தட்டின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். தரைவழிக் கம்பிகள் அறுந்த நாளில்தான் வானவழித் தொடர்பு நமக்கு மிகவும் வேண்டியிருக்கும். அன்றைக்குத் தட்டே பறந்துவிட்டால் என்ன பயன்? மின்சாரமும் நின்றுபோகும் என்பதால் மின்கல வசதியும் உடன் இருக்க வேண்டும்.

கம்பத்தை ஒரு மீட்டர் உயர்த்துவதும், மரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் விலகுவதும் கோணக் கணக்கில் ஒன்றே. எனவே மாடியின் மறு மூலைக்கு நகர்ந்தாலே காரியம் முடியுமானால், கம்பத்தை உயர்த்த வேண்டியதில்லை. மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை. நனைந்த இலைகள் அலையை மிகுதியாக உறிஞ்சுவதால், கோடையில் தப்பித்த இடம் ஐப்பசி மழையில் ஏமாற்றக்கூடும். வளரும் மரத்திற்கு ஓரிரு மீட்டர் கூடுதலாகவே கணக்கிடுங்கள்.

ஆக, தேட வேண்டியது உயரமான இடத்தை அல்ல, திறந்த இடத்தை. அது கிடைத்தபின், அங்கே எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக, உறுதியாக வைப்பதே அறிவுடைமை. இன்று மாலையே ஒரு கோணமானியும் நூலும் எடுத்துக்கொண்டு மாடிக்குச் சென்று, எட்டுத் திசைகளிலும் அளந்து குறித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஆகாயம் சொந்தம் என்பது தெரிந்துவிடும்.