எண்ணுக்கு விதித்த தடை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது 1907-ஆம் ஆண்டை ஒட்டி, இந்தியாவையும் சூடானையும் ஆண்ட பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு விசித்திரமான கட்டளையைப் பிறப்பித்தது. சிப்பாய்கள் கையிலிருந்த மார்ட்டினி-ஹென்றி என்னும் பழைய ராணுவத் துப்பாக்கிகளில் பல கலகக்காரர்களின் கைக்கும் எல்லைப்புறக் குடிகளின் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன, அவற்றின் குண்டு .450 அங்குல விட்டமுடையது; ஆகவே அந்த விட்டமுள்ள எந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் இனி இந்தியாவுக்குள் வரக்கூடாது என்பதே அந்தக் கட்டளை. யானை வேட்டைக்கும் புலி வேட்டைக்கும் துரைமார்கள் விரும்பி வரவழைத்துக்கொண்டிருந்த .450 இரட்டைக்குழல் துப்பாக்கிக்கும் கலகக்காரனின் மார்ட்டினிக்கும் தோட்டா ஒன்றல்லவே என்று யாரேனும் முறையிட்டிருக்கலாம். ஆனால் சட்டம் பார்த்தது தோட்டாவின் குணத்தை அல்ல, குழலின் விட்டத்தை.

லண்டன் துப்பாக்கிக்காரர்கள் இதற்காக நெடுநாள் வருந்திக்கொண்டிருக்கவில்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் .465 என்ற பெயரில் புதிய தோட்டாவைக் கொண்டுவந்தது; மற்றவர்கள் .470 என்றும் .475 என்றும் .476 என்றும் ஆளுக்கொன்றாய் எடுத்து நீட்டினார்கள். பழைய .450 குண்டுக்கும் புதிய .465 குண்டுக்கும் விட்டத்தில் இருந்த வேற்றுமை சுமார் கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டரைச் சுங்க அதிகாரி கண்டார். குண்டுபட்டு விழுந்த யானைக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இதே வினோதம் சுதந்திர இந்தியாவிலும் வேறொரு உருவில் தொடர்ந்தது. ராணுவமும் போலீஸும் கையாண்ட .303 துப்பாக்கி பிரஜைகளுக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் அடங்கியது. அதனால் ஆஸ்திரிய மன்லிச்சர் ராணுவத் துப்பாக்கியின் பழைய தோட்டாவை ஆதாரமாகக் கொண்ட .315 என்ற வகையே லைசென்ஸ்தாரர்களுக்கு உரியதாயிற்று. விட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட .303-ஐவிடச் சற்றுப் பெரியதே என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் .303-ஐச் செய்த அதே பாணியில் செய்யப்பட்ட .315, வயலுக்குக் காவல் என்றும் வீட்டுக்குப் பாதுகாப்பு என்றும் வட இந்தியா எங்கும் பரவியது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கள்ளத்தனமாகச் செய்யப்படும் ‘கட்டா’ என்னும் நாட்டுத் துப்பாக்கிகளில் மிகப் பல இன்றும் .315 தோட்டாவுக்கென்றே அமைக்கப்படுவதற்கும் காரணம் வேறொன்றுமில்லை: சட்டம் அனுமதித்த தோட்டாதான் சந்தையில் கசிகிற தோட்டாவும் ஆகும்.

இத்தனை பழங்கதையையும் சொல்ல நேர்ந்தது, இன்று பல தேசங்களின் சட்டசபைகளை அலைக்கழித்துக்கொண்டிருக்கும் பெருந்தோட்டாக்களின் விவகாரத்துக்கு இதுவே சரியான முகவுரை என்பதனால். அவற்றுள் தலையாயது .50 பிஎம்ஜி (பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கித் தோட்டா). முதல் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், கவச வண்டிகளையும் ஆகாய விமானங்களையும் துளைக்கவல்ல கனமான இயந்திரத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் கேட்க, வின்செஸ்டர் நிறுவனம் தோட்டாவையும் ஜான் பிரௌனிங் என்ற மேதை துப்பாக்கியையும் வகுத்தார்கள். அந்தக் குடும்பத்தில் 1933-இல் வந்த எம்2 இயந்திரத் துப்பாக்கி இன்னமும் பல ராணுவங்களில் பணியிலிருக்கிறது.

தோட்டாவைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். பித்தளைக் கூடு மட்டும் 99 மில்லிமீட்டர். குண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 138 மில்லிமீட்டர், உள்ளங்கையைவிட நீளம். கூட்டின் அடிப்பாகம் ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குச் சற்றே குறைவு. முழுத் தோட்டாவின் எடை நூறு கிராமுக்கு மேல். அதில் குண்டு மட்டும் சுமார் 42 கிராம். அது குழலைவிட்டு வெளிப்படும்போது விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. அப்போது அதனுள் பொதிந்திருக்கும் சக்தி 17,000 ஜூல் என்ற அளவை ஒட்டியது. நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கிய .303-இன் குண்டுக்கு அந்தக் கணக்கில் 3,000 சொச்சம்தான்.

யுத்தகளத்துக்கென்று பிறந்த இந்தத் தோட்டாவைத் தனி மனிதன் தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர், டென்னஸி மாநிலத்து மர்ஃப்ரீஸ்பரோ நகரில் புகைப்படம் எடுத்துப் பிழைத்துவந்த ரானி பாரெட். எஞ்சினீயர் பட்டம் எதுவுமில்லாத அவர் 1982-இல் வகுத்த துப்பாக்கியில், குண்டு பாயும் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு குழலே பின்னோக்கிச் சறுக்கி மீள்கிறது. குழல் முனையிலுள்ள தடுப்பு வெடிப்புகையைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. சுமார் 14 கிலோ எடையும் உதைப்பைப் பங்கிட்டுக்கொள்கிறது. 1989-இல் ஸ்வீடன் ராணுவம் நூறு வாங்கியது. அடுத்து வளைகுடா யுத்தத்தில் அமெரிக்கப் படைகள் எடுத்துச் சென்றன. 2016-இல் டென்னஸி மாநிலம் இதையே தன் அதிகாரபூர்வத் துப்பாக்கியாகப் பிரகடனம் செய்துகொண்டது. ஒரு மாநிலத்துக்கு மலரும் பறவையும் போல ஒரு துப்பாக்கியும் வேண்டியிருக்கிறது என்பது அத்தேசத்தின் சுபாவத்தை நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.

அமெரிக்க மத்திய சட்டம், குழலின் உள்விட்டம் அரை அங்குலத்தை மிஞ்சினால் அந்தக் கருவியை நாசகாரச் சாதனம் என்று வகைப்படுத்தி, வேட்டைக்குரிய சிலவற்றை மட்டும் விலக்குகிறது. .50 பிஎம்ஜி குழல் அந்த எல்லைக்கோட்டின்மீது சரியாக நிற்கிறது, மிஞ்சவில்லை. ஆகவே பதினெட்டு வயது நிரம்பி, குற்றப் பின்னணி இல்லாத எவரும் மான் வேட்டைத் துப்பாக்கியை வாங்குகிற அதே நடைமுறையில் இதனையும் வாங்கலாம் என்பதே பெரும்பாலான மாநிலங்களில் நிலைமை. வாங்குகிறவர்கள் எல்லோரும் விபரீத புத்திக்காரர்கள் என்று எண்ணிவிடலாகாது. 1985 முதல் இதற்கென ஒரு சங்கம் அங்கே இருக்கிறது. அதன் அங்கத்தினர்கள் ஆயிரம் கஜத்துக்கு அப்பால் காகித இலக்கை வைத்து, காற்றின் போக்கையும் வெப்பத்தையும் கணித்து, ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் பதிய வேண்டும் என்று தவங்கிடப்பவர்கள். தோட்டா ஒன்றுக்குச் சில டாலர் செலவாகும் இந்த வினோதப் பொழுதுபோக்கு, வழிப்பறிக்காரனுக்கு உதவுவதல்ல என்று அவர்கள் சொல்வதும் மெய்யே.

ஆனால் கலிஃபோர்னியா அப்படிக் கருதவில்லை. 2004-இல் இயற்றப்பட்டு 2005 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம் .50 பிஎம்ஜி துப்பாக்கியைத் தடைசெய்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குப் பதிவுசெய்துகொள்ள அவகாசம் அளித்தது. தடை ஐயந்திரிபற இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சட்டம் எழுதியவர்கள் தோட்டாவின் அளவுகளையே சட்ட வாசகத்தில் பொறித்துவிட்டார்கள்: மொத்த நீளம் 5.54 அங்குலம், குண்டின் விட்டம் .510 முதல் .511 வரை, கூட்டின் நீளம் 3.91 அங்குலம் என்று. தையற்காரனுக்குக் கொடுத்த அளவுச் சீட்டுப் போல அது அமைந்துவிட்டது. பாரெட் நிறுவனம் .50 தோட்டாவின் கூட்டையே குட்டையாக்கி, கழுத்தைச் சுருக்கி, .416 என்ற புதிய தோட்டாவைச் சீக்கிரமே வெளியிட்டது. குண்டு சிறிதாயிற்று, ஆனால் காற்றைக் கிழித்துச் செல்வதில் முன்னதைவிடச் சாமர்த்தியமுள்ளதாயிற்று, நெடுந்தூரத்தில் வேகத்தை இழக்காமல் செல்வதிலும் மேலாயிற்று. ஐரோப்பாவிலும் .510 டிடிசி என்ற பெயரில், அதே விட்டமுள்ள குண்டை இம்மியளவு வேறுபட்ட கூட்டில் பொருத்திய தோட்டா ஒன்று தோன்றியது; .50 பிஎம்ஜி என்ற பெயருக்குத் தடையுள்ள இடங்களுக்கென்றே அது வகுக்கப்பட்டது. லண்டன் கடைக்காரர்கள் நூறாண்டுக்கு முன் இந்திய சர்க்காருக்குச் செய்ததை இவர்கள் ஒரு வரி பிசகாமல் மறுபடி செய்தார்கள்.

விட்டத்தை அளப்பதைவிடச் சக்தியை அளப்பது புத்திசாலித்தனம் என்று வேறு சில தேசங்கள் கருதின. பிரிட்டனில் 2018-இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 13,600 ஜூலை மிஞ்சும் துப்பாக்கிகளைத் தடைசெய்ய முற்பட்டது. இலக்குச் சுடுவோர் சங்கங்களும் ஆளுங்கட்சி அங்கத்தினர்கள் பலரும் எதிர்க்கவே, அந்த ஷரத்து கைவிடப்பட்டது. கனடா 2020 மே முதல் தேதி பிறப்பித்த ஆணையில் 10,000 ஜூல் என்று கோடு கிழித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். பாரெட்டின் .416 தோட்டாவுக்கு உத்தேசமாக 12,500 ஜூல் இருக்கும். பிரிட்டிஷ் ஷரத்து நிறைவேறியிருந்தால் அதன் கீழே தப்பியிருக்கும். கனடாவின் கோட்டில் அகப்பட்டுக்கொள்ளும். .338 லாபுவா என்ற தோட்டாவோ 7,000 ஜூலைக்கூட எட்டாது. இரண்டு கோடுகளுக்கும் கீழே சாவதானமாக நடந்து போய்விடும். ஆனால் 2009-இல் ஆஃப்கானிஸ்தானத்து மூசா கலாவில் ஆங்கிலச் சிப்பாய் ஒருவர் 2,475 மீட்டர் தூரத்திலிருந்து எதிரியை வீழ்த்தியது இந்தத் தோட்டாவால்தான். சுவரையும் எஞ்சினையும் துளைக்கும் வல்லமையைச் சக்திக் கணக்கு நன்றாகவே பிடித்துவிடுகிறது. தூரத்திலிருக்கும் மனிதனைக் கொல்லும் வல்லமை அதன் சல்லடையில் தங்குவதில்லை.

தேச எல்லைகளைத் தாண்டும்போதுதான் இந்த விவகாரத்தின் கோர ரூபம் தெரிகிறது. 1990-களில் வட அயர்லாந்தின் தெற்கு ஆர்மா பகுதியில், ஐரிஷ் குடியரசுப் படையினர் அமெரிக்காவிலிருந்து ரகசியமாகக் கடத்திய பாரெட் துப்பாக்கிகளால் சிப்பாய்களையும் போலீஸாரையும் ஒற்றைக் குண்டில் சாய்த்தார்கள். மார்புக்கவசம் அதன் முன் நிற்கவில்லை. கடைசியாக 1997 பிப்ரவரியில் சோதனைச் சாவடியில் ஓர் இளஞ்சிப்பாய் மாண்டார். இன்று அந்தச் சாபம் மெக்ஸிகோவைப் பிடித்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ராணுவத் தோட்டாக்கள் எதுவும் குடிமகனுக்கு ஆகாது. சட்டபூர்வமாகத் துப்பாக்கி வாங்கவேண்டுமானால் ராணுவமே நடத்தும் கடைக்குப் போகவேண்டும். அவ்வளவு கண்டிப்பிருந்தும், 2019 அக்டோபரில் குலியாக்கான் நகரில் போதைக் கும்பலின் தலைவன் மகன் ஒருவனைப் படையினர் பிடித்தபோது, .50 துப்பாக்கிகளோடு தெருவில் இறங்கிய கும்பல் நகரத்தையே ஸ்தம்பிக்கச் செய்து அவனை விடுவித்துக்கொண்டது. எல்லைக்கு வடக்கே கடையில் வாங்கியது தெற்கே பீரங்கி ஸ்தானத்தை வகிக்கிறது.

அமெரிக்கா இதைத் தடுக்க எதுவுமே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. எல்லையோர மாநிலங்கள் நான்கில், ஐந்து வேலை நாட்களுக்குள் ஒருவர் இரண்டு நெடுந்துப்பாக்கிகளை வாங்கினால் வியாபாரி தெரிவிக்க வேண்டும் என்று 2011 முதல் விதி உண்டு. ஆனால் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும், கழற்றி மாட்டும் தோட்டாப்பெட்டி உள்ள துப்பாக்கிகளுக்கே அது பொருந்தும். ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா போடவேண்டிய .50 துப்பாக்கி அதில் சேராது. 2021-இல் மெக்ஸிகோ அரசாங்கமே பாரெட் உள்ளிட்ட துப்பாக்கி நிறுவனங்கள்மீது மாசசூசெட்ஸில் வழக்குத் தொடுத்தது. பாரெட்டும் வேறு சிலரும் இடையிலேயே வழக்கிலிருந்து விடுபட, எஞ்சியதையும் 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. துப்பாக்கித் தொழிலுக்குக் கவசமாக 2005-இல் இயற்றப்பட்ட சட்டம் குறுக்கே நின்றது.

இந்தியாவில் இந்த வர்க்கத்துத் துப்பாக்கி இருக்கிறது. நம் திருச்சிராப்பள்ளி ஆயுதத் தொழிற்சாலையிலேயே ‘வித்வன்ஸக்’ என்ற பெயரில் 12.7 மில்லிமீட்டர் முதல் 20 மில்லிமீட்டர் வரை குழல் மாற்றிக்கொள்ளத்தக்க ஒன்று செய்யப்படுகிறது. அது எல்லைப் பாதுகாப்புப் படைக்குப் போகிறது. பிரஜைகளுக்கு அதைப் பற்றிய பேச்சே இல்லை. எண்ணை வைத்துத் தடைபோடும் பழக்கத்தில் நம் சட்டமும் பிறவற்றைப்போலக் குறையுடையதே என்பதற்கு .315 சாட்சி. ஆயினும் அதற்குள் ஓர் ஏற்பாடு அடக்கமாக இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஆண்டொன்றுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்ற வரம்பு லைசென்ஸிலேயே எழுதப்பட்டிருக்கும்; வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் அதைக் கணக்கில் ஏற்றவேண்டும். இதிலும் கசிவு உண்டு, ‘கட்டா’க்காரனுக்குத் தோட்டா வானத்திலிருந்து விழுவதில்லை. இருந்தாலும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் ஜூலையும் அளந்து மாய்கிற சட்டங்கள் எல்லாவற்றையும்விட, யார் எத்தனை தோட்டா வாங்கினார் என்று எழுதிவைக்கிற இந்தச் சாதாரண ஏடே அதிக உபயோகமானது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க மத்திய சட்டத்தில், .50 தோட்டாவுக்கு அப்படியோர் ஏடு இல்லை.