இரும்பில் மிஞ்சிய காந்தம்

எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டாவது முறை கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது, சத்தத்திலும் தடுமாற்றமில்லை. ஆனால் பல்பு எரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் 230 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டோ மூன்றோ காட்டுகிறது. பல வருடம் ஸ்டோரில் மூடிக்கிடந்த பழைய ஜெனரேட்டர்களுக்கு அடிக்கடி வரும் நோய் இது. கொயில் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி, பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. விஷயம் தெரிந்த மெக்கானிக் அப்படிச் செய்யமாட்டார். கார்பன் பிரஷ் வைத்த மொடலாக இருந்தால், பிரஷ்ஷுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றி, 12 வோல்ட் பெட்டரி ஒன்றை பிளஸ் மைனஸ் பார்த்து அங்கே ஓரிரு விநாடி தொட்டு எடுப்பார். கம்பிகளைத் திரும்பப் பூட்டி எஞ்சினைக் கிளப்பினால் பல்பு பளிச்சென்று எரியும்.

ஜெனரேட்டருக்குள் ஒரு காந்தம் சுழல வேண்டும். அப்போதுதான் அதைச் சுற்றியுள்ள செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். இது மைக்கல் பரடே 1831இல் கண்டது. ஆனால் இந்த மாதிரி ஜெனரேட்டர்களில் இருப்பது நிரந்தரக் காந்தம் அல்ல. இரும்பைச் சுற்றிய கம்பியில் மின்சாரம் ஓடினால்தான் அது காந்தமாகும். அந்த மின்சாரத்தையும் ஜெனரேட்டரே கொடுக்க வேண்டும். விதை முந்தியா, மரம் முந்தியா என்ற பழைய கேள்விதான்.

விடை இரும்புக்குள் இருக்கிறது. ஒருமுறை காந்தமான இரும்பு, மின்சாரம் நின்ற பிறகும் தன் காந்தத்தை முழுதாக விட்டுவிடாது. துளியளவு மிஞ்சும். அடுத்தமுறை எஞ்சின் சுழலும்போது அந்த மிச்சக் காந்தம் ஓரிரு வோல்ட்டைப் பிறப்பிக்கிறது. அந்த ஓரிரு வோல்ட் சுருளுக்குள் திரும்பிப் போய்க் காந்தத்தைக் கொஞ்சம் வலுப்படுத்துகிறது. வலுத்த காந்தம் இன்னும் கொஞ்சம் வோல்ட் தருகிறது. இப்படி ஏறி ஏறி, கண் இமைக்கும் நேரத்தில் முழு மின்னழுத்தம் வந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்தாலோ, கடும் அதிர்ச்சியோ சூடோ பட்டாலோ அந்த மிச்சம் தேய்ந்துபோகும். பெட்டரி தொட்ட விநாடியில் இரும்புக்குத் திரும்பக் கிடைத்தது அதுதான்.

இந்தத் தத்துவத்தை வேர்னர் ஸீமென்ஸும் சார்ள்ஸ் வீட்ஸ்டனும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இருவரின் கட்டுரைகளும் லண்டன் ரோயல் சொசைட்டியில் ஒரே நாளில், 1867 பெப்ரவரி 14 அன்று வாசிக்கப்பட்டன. அதே 1867இல்தான் இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தற்செயல்தான் என்றாலும், மலையகத்தாரால் அந்த வருடத்தை மறக்க முடியாது.

மலையகத்துத் தேயிலை பெக்டரிகளில் இயந்திர வலு முதலில் ஓடும் தண்ணீரிலிருந்து வந்தது. ஓடையை மறித்து, குழாய்வழி கீழே இறக்கி, தண்ணீர்ச் சக்கரத்தையும் பிறகு டர்பைனையும் சுழற்றினார்கள். டர்பைனிலிருந்து பெக்டரியின் கூரையோரமாக நீண்ட இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து தோல் பட்டிகள் இறங்கி கொழுந்து அரைக்கும் ரோலரையும் காயவைக்கும் விசிறியையும் இழுக்கும். தண்ணீர் வற்றும் மாதங்களுக்காக எண்ணெய் எஞ்சின்கள் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ‘எஞ்சின் டிரைவர்’ என்றே ஒரு வேலை இருந்தது. பிரவுண் கம்பனி 1875இல் ஹட்டனில் ஒரு பொறியியல் நிறுவனமாகத் தொடங்கியது. 1912இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டி நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். 1950இல் லக்சபான நிலையம் ஓடத் தொடங்கியது. மலையகத்து ஆறுகள் நாட்டுக்கே மின்சாரம் கொடுத்தன.

ஆனால் அந்த மின்கம்பிகள் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களின் தலைக்கு மேலாகத்தான் போயின. பெக்டரியிலும் துரை பங்களாவிலும் விளக்கு எரிந்த காலத்தில், லயக் காம்பராவில் குப்பி லாம்புதான். பல லயங்களுக்கு மின்சாரம் வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இந்த அநியாயத்தைச் சொல்லாமல் மலையகத்தின் மின்சாரக் கதையை எழுத எனக்கு மனம் வராது. லயத்து மக்கள் தங்கள் முற்றத்தில் முதன்முதலாகப் பார்த்த மின்விளக்கு, பெரும்பாலும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வாடகைக்கு வந்த ஜெனரேட்டர் கொடுத்த வெளிச்சம். ஒலிபெருக்கி பாட, டியூப் லைட்டுகள் எரிய, கோயிலுக்குப் பின்னால் சாக்கு விரித்து வைத்த அந்தச் சின்ன எஞ்சினைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பார்கள்.

அந்தப் பிள்ளைகள் காதால் கேட்டது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுதிசை மின்சாரம். இரண்டு காந்த முனை கொண்ட சிறு ஜெனரேட்டர் அதைக் கொடுக்க விநாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று, பிசகாமல் ஓட வேண்டும். நான்கு அடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே விநாடிக்கு 25 வெடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீப்பொறி, ஒரு மடக்குக் காற்று, ஒரு துளிக்கும் குறைவான பெற்றோல்.

தீப்பொறி வரும் விதம்தான் இந்த எஞ்சின்களில் எனக்கு மிகப் பிடித்த இடம். பெட்டரி கிடையாது. பிளைவீலுக்குள் பதித்த காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கொயிலைக் கடந்து போகிறது. கொயிலின் தடித்த கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. சரியான கணத்தில் ‘பொயின்ட்’ எனப்படும் சிறு இணைப்புத் திறக்க, மின்சாரம் அறுந்து, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவு, பக்கத்திலுள்ள பல்லாயிரம் சுற்று மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழுந்து, பிளக்கின் முனையில் அரை மில்லிமீட்டர் சொச்ச இடைவெளியைத் தாண்டுகிறது. 1902இல் பொஷ் நிறுவனத்தில் கொட்லொப் ஹொனோல்ட் இப்படிப் பொறி தரும் உயர் அழுத்த மக்னெட்டோவை உருவாக்கினார். அந்த வழியில் வந்தவைதான் பழைய சிறு எஞ்சின்கள் எல்லாம். பொயின்ட் திறக்கும் அளவு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். மலையகத்து ஈரத்தில் அதன் முகத்தில் மெல்லிய பாசிபோல் ஒரு படலம் ஏறிவிடும். மெக்கானிக் பொயின்டுக்கு நடுவே சுத்தமான தடித்த காகிதத் துண்டைச் செருகி மெதுவாக இழுப்பார். காகிதத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழாத வரை இழுத்துவிட்டு, கயிற்றைச் சுண்டினால் பிளக் முனையில் நீலப் பொறி தெரியும்.

நுவரெலியாவுக்கென்றே தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. அது காற்று. நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். அதனால்தான் அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகவும் நேரமெடுக்கிறது. எஞ்சினும் இதே குறையைத்தான் உணர்கிறது. ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்பரேட்டருக்கு எடை தெரியாது. கடந்துபோகும் காற்றின் வேகத்தில் உண்டாகும் உறிஞ்சலை வைத்தே அது பெற்றோலை விடுகிறது. மெலிந்த காற்றுக்கும் ஏறக்குறைய பழைய அளவையே விட்டுவிடுவதால், பெற்றோல் கூடிப்போகிறது. கறுப்புப் புகை, திணறல், எரிபொருள் விரயம் எல்லாம் அதன் விளைவு.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனை முழுக் கதையையும் சொல்லும். வெந்த பிஸ்கட் நிறமாக இருந்தால் கலவை சரி. மைபோலக் கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெள்ளையாக வறண்டிருந்தால் பெற்றோல் போதவில்லை, எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். எஞ்சினை மலைக்குக் கொண்டுபோகிறவர்கள், கார்பரேட்டரில் பெற்றோலை விடும் பித்தளை ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றினால் புகையும் விரயமும் தீரும், ஆனால் இழந்த வலு முழுதாகத் திரும்பாது. கொழும்பில் ஒரு கிலோவாட் தரும் ஜெனரேட்டர் நுவரெலியாவில் 800 வாட் அளவுதான் தரும். குளிர்காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் அதில் சிறுபகுதி ஈடாகும். ஹட்டன் அவ்வளவு உயரமில்லை, இழப்பும் குறைவு. ஜெட் அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். பித்தளை மென்மையானது, ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு எந்தச் சரிக்கட்டலும் பலிக்காது. ஜெட்டைப் பெற்றோலில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தாலே போதும்.

பழைய எஞ்சின்கள் சிலவற்றில் இரண்டு தாங்கிகள் இருக்கும், ஒன்றில் பெற்றோல், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால் மறுநாள் காலை குளிரில் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் இதே தத்துவம்தான் மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் நீர்ப்பம்பிகளையும் ஓடவைத்தது. சில துளிப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, மீதித் தூரம் மண்ணெண்ணெய். எஞ்சின்களுக்கு நல்லதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், வேறு வழியில்லை.

மின்வெட்டுக் காலங்கள் இந்த எஞ்சின்களுக்கு அழைப்பு வந்த காலங்கள். மழை பொய்த்த 1996இலும், 2001-02இலும், பிறகு 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் இருண்டபோதும் பரணில் கிடந்தவை இறங்கின. 2022இல் மின்சாரமும் இல்லை, ஜெனரேட்டருக்கு ஊற்றப் பெற்றோலும் இல்லை என்பது தனித் துயரம்.

அவசரத்துக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் பாவித்து இறக்குமதியாகும் ஜெனரேட்டர்கள் 100 வோல்ட் தருபவை. அந்நாட்டின் கிழக்கில் 50 சுழற்சி, மேற்கில் 60 சுழற்சி. 1895இல் தோக்கியோ ஜேர்மனியிலிருந்தும், அடுத்த வருடம் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர்கள் வாங்கியதன் விளைவு இன்றுவரை நீடிக்கிறது. அந்த ஜெனரேட்டர்களில் நம் வீட்டுப் பொருள்களை அப்படியே செருகக் கூடாது. குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு எந்த ஜெனரேட்டரையும் உள்ளே ஓடவிடவும் கூடாது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்கமாட்டார்.

உலகெங்கும் இந்தச் சிறு எஞ்சின்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1926இல் வந்த லிஸ்டர் டி எஞ்சினை, அதன் ஒன்றரைக் குதிரைவலுவுக்காக அல்ல, பதறாமல் ஓடும் ஓட்டத்துக்காகவே வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம்மிடம் ஹந்தானையில் 1925இல் கட்டிய பெக்டரி 2001இலிருந்து தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. கந்தப்பளை ஹெதர்செட் பெக்டரி 1996இல் ஹோட்டலாகியபோதும் பழைய எஞ்சினை விட்டுவைத்தார்கள். இரண்டிலும் பெருமை பெரிய இயந்திரங்களுக்குத்தான். மருந்தடிக்கும் பம்பியிலும், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த மோட்டரிலும், திருவிழா ஜெனரேட்டரிலும் இருந்த சின்ன எஞ்சின்களை யாரும் எடுத்துவைக்கவில்லை. சாதாரண மக்களின் கையில் இருந்தவை அவைதான். ஆகவே சேர்க்க வேண்டியவையும் முதலில் அவைதான் என்பது என் எண்ணம்.

திருத்துவது முடியாத காரியமல்ல. கேஸ்கட் கிடைக்காவிட்டால், கேஸ்கட் தாளை எஞ்சினின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றித் தட்டினால் அந்த உலோக விளிம்பே தாளை அளவாக வெட்டிக்கொடுக்கும். தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து ஓர் அளவு பெரிய பிஸ்டன் போடலாம். செய்யக் கூடாதது பெயர்ப்பலகையின் மேல் பெயின்ட் அடிப்பது. தொடர் இலக்கம், சுற்று வேகம், குதிரைவலு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எதை ஓட்டியது, கடைசியாக யார் கழற்றிப் பூட்டினார் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். தோட்டத்து எஞ்சின் டிரைவர்களில் முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

ஓட்டி முடித்து நீண்டநாள் வைக்கப்போகிறீர்கள் என்றால் பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டு, கார்பரேட்டரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். மிஞ்சும் பெற்றோல்தான் பிசினாகி ஜெட்டை அடைக்கும். ஒயிலை மாற்றுங்கள். பிறகு கயிற்றை மெதுவாக இழுத்து, இழுப்பு இறுகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், பனியின் ஈரம் சிலிண்டருக்குள் இறங்காது.